கேலி செய்தவருக்கு மேடை தந்த பிரான்ஸ்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஆங்கிலேய, பிரெஞ்சுப் பண்பாட்டு வேறுபாடுகளைக் கேலி செய்யும் தொலைக்காட்சி நகைச்சுவை இரு மக்களையும் நெருங்க வைக்கிறது என்னும் அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், நகைச்சுவையாளர் பால் டெய்லரின் ‘வாட் த எஃப் பிரான்ஸ்’ தொடரை எடுத்துக்கொண்டு, பாரிசில் குடியேறிய ஓர் ஆங்கிலேயர் தமக்கு வாழ்விடம் தந்த நாட்டையே ஏளனம் செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். அந்தத் தொடரை ஒளிபரப்பியது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. 2016 ஜனவரியில் டெய்லர் இணையத்தில் வெளியிட்ட ஒரு காணொளி பரவலாகப் பேசப்பட்டபின், அதே ஆண்டில் அவருக்கு இடம் கொடுத்தது இலண்டன் நிலையம் எதுவுமன்று, பிரான்சின் கனால் பிளஸ் அலைவரிசை. அவர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ள, திரையின் அடியில் பிரெஞ்சு வரிகள் ஓட, தங்கள் வழக்கங்கள் கேலிக்கு உள்ளாவதைப் பிரெஞ்சு மக்களே பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த முதல் காணொளியின் பொருள், கன்னத்தோடு கன்னம் சேர்த்து முத்த ஓசை எழுப்பும் ‘பீஸ்’ என்னும் முகமன். பாரிசில் பெரும்பாலும் இரண்டு, தெற்கே சில ஊர்களில் மூன்று, வேறு சில இடங்களில் நான்கு. எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கைகுலுக்கலோ ஒரு தலையசைப்போ போதும் என்று வளர்ந்தவர், ஆட்கள் நிறைந்த விருந்துக்குள் நுழையும்போது என்ன பாடுபடுவார் என்பதை அந்த வழக்கத்திற்குள் வாழ்ந்தவரால்தான் இத்தனை நுணுக்கமாகக் காட்ட முடியும். அங்கே நகைப்புக்கு உரியவராகத் தடுமாறி நிற்பவர் ஆங்கிலேயரே. வழக்கமோ அவருடைய புலம்பலுக்காக மாறுவதில்லை. டெய்லர் பிரெஞ்சு மொழியைச் சரளமாகப் பேசுபவர். பாதி ஆங்கிலத்திலும் பாதி பிரெஞ்சிலும் மேடை நிகழ்ச்சி நடத்தியவர். வெறுப்பவர் எவரும் அவ்வளவு உழைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரான்சைக் களமாகக் கொண்டு பிபிசி 1982 முதல் 1992 வரை ஒளிபரப்பிய ‘அலோ அலோ’ நகைச்சுவைத் தொடரையும் எதிரணியினர் சான்றாகக் காட்டினார்கள். உணவக உரிமையாளர் ரெனே முதலிய பிரெஞ்சுப் பாத்திரங்களைப் பிரித்தானிய நடிகர்கள் பிரித்தானிய மக்களுக்காகவே நடித்தார்கள் என்பது உண்மை. அந்த அளவில் அவர்கள் சொல்லும் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அத்தொடரில் மிகுதியாக நினைவுகூரப்படும் சிரிப்புகளுள் ஒன்று, பிரெஞ்சுக் காவலராக வேடமிட்டு, பிரெஞ்சு பேச வராமல் ஒவ்வொரு சொல்லையும் சிதைக்கும் ஆங்கில உளவாளி கிராப்ட்ரீயைப் பற்றியது. ஆங்கிலேயர் அங்கே தம் இயலாமையைக் கண்டே சிரித்தார்கள்.

1904இன் நட்பு உடன்படிக்கை இரு அரசுகளை இணைத்தது. 1994இல் திறக்கப்பட்ட ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதை பயணிகளை இணைத்தது. விருந்து வீட்டின் வாசலில் எந்தக் கன்னத்தை முதலில் நீட்டுவது என்ற கூச்சத்தை அவை இரண்டுமே தொடவில்லை. அதைத் தொட்டது இந்த நகைச்சுவைதான் என்பதைக் கருத்தில் கொண்டு, எங்கள் அணிக்கே தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.