வாசலில் நின்றுபோன 403

வணக்கம் நேயர்களே. சர்வர் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, உபுண்டு சர்வரில் தன் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே இணையதளக் கோப்புகளை வைத்திருந்தார். பிரௌசரில் திறந்தால் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை. பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜினெக்ஸின் எரர் லாகில் 'பெர்மிஷன் டினைட்', பிழை எண் 13. கோப்புகளுக்கு 644 சரியாகத்தான் இருந்தது. உரிமையாளர், குழு, பிறர் என்ற வரிசையில் ஆளுக்கொரு இலக்கம்; 644 என்றால் எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம். பதற்றத்தில் ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும், யாரும் எதுவும் செய்யலாம் என்ற 777 கொடுத்துவிட்டார். தளம் திறந்தது. மறுநாள் அவரால் சர்வருக்குள் நுழைய முடியவில்லை!

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், உங்கள் அடையாளத்தைக் காட்டும் சாவிக் கோப்பை ஏற்கும் முன், ஹோம் ஃபோல்டரில் பிறர் எழுத முடியுமா என்று பார்க்கும். முடியுமென்றால் உள்ளே இருக்கும் சாவிப் பட்டியலை யாரும் மாற்றியிருக்கலாமே? அதனால் மறுத்துவிடும். அது செய்தது சரிதான். எஸ்எஸ்எச் இல்லாமலே நுழைய உதவும் கன்சோல் வழியாகப் போய் ஹோமுக்கு 750, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600 என்று திருப்பிக் கொடுத்த பிறகே அவரால் நுழைய முடிந்தது.

சரி, 403 எதனால் வந்தது? கோப்பைத் திறப்பது நீங்கள் இல்லை, ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அது யார் பெயரில் ஓடுகிறது என்று 'பிஎஸ் ஏயூஎக்ஸ்' என்ற கட்டளை காட்டும். என்ஜினெக்ஸின் மாஸ்டர் ப்ராசஸ், எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' என்ற பயனர் பெயரில் ஓடும். பக்கத்தை எடுத்துத் தரும் வொர்க்கர்கள் உபுண்டுவில் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா' என்ற பயனர் பெயரில் ஓடும். அப்புறம் 'நேம்ஐ மைனஸ் எல்' என்று கொடுத்துக் கோப்பின் முழுப் பாதையையும் தாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இது. ஃபோல்டருக்கு எக்ஸ் அனுமதி என்றால் அதைக் கடந்து போகலாம் என்று பொருள். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750-இல் உருவாகின்றன, வெளியாருக்குப் பூஜ்யம். தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறை திறந்திருந்து என்ன பயன்?

தளத்தை 'வர்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ'வுக்கு மாற்றுவதே நல்லது. ஹோமிலேயே இருக்க வேண்டுமென்றால், அந்த வொர்க்கர் பயனரை உங்கள் குழுவில் சேருங்கள். 'சுடோ மைனஸ் யூ' கொண்டு அந்தப் பயனராகவே கோப்பைப் படித்துப் பாருங்கள். அங்கே படிக்க முடிகிறது, பிரௌசரில் மட்டும் இன்னும் 403 என்றால் குழம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தான் தொடங்கியபோது இருந்த குழுக்களையே வைத்திருக்கிறது. என்ஜினெக்ஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பக்கம் வந்துவிடும். நன்றி, வணக்கம்.