சூழ்நிலை இல்லாத பாட்டுகள்

வணக்கம். கொஞ்சம் பொறுங்கள், ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். எதிர்மனையில் வீடு கட்டுகிறார்கள், கலவை இயந்திரம் காலையிலிருந்து நிற்கவே இல்லை. சரி, இப்போது கேட்கிறதா? நல்லது.

தமிழில் இண்டி பாடல்கள், அதாவது சினிமாவுக்காக இல்லாமல் தனியாக வெளிவரும் பாட்டுகள், கேட்க ஆசையாக இருக்கிறது, பத்துப் பாட்டின் பெயரை மட்டும் சொல்லுங்கள் போதும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பத்துப் பெயர் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். முதல் பாட்டை அரை நிமிடம் கேட்பீர்கள், இரண்டாவதைத் தள்ளிவிடுவீர்கள், மூன்றாவது தொடங்குவதற்குள் இளையராஜாவிடம் போய்விடுவீர்கள். நானும் போகிறவன்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஏன் அப்படி ஆகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நமக்குப் பாட்டு என்றாலே ஒரு காட்சியும் சேர்ந்தே வந்து பழகிவிட்டது. இயக்குநர் சூழ்நிலையைச் சொல்கிறார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார், கவிஞர் வரி எழுதுகிறார். நாயகன் ஊரை விட்டுக் கிளம்புகிறான், பஸ் நகர்கிறது, தாய் வாசலில் நிற்கிறாள், அப்போதுதான் புல்லாங்குழல் எழும்புகிறது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரக் கதை முழுவதும் அந்தப் புல்லாங்குழலுக்காக நம் மனத்தைப் பதப்படுத்தி வைத்திருக்கிறது. திரைப்பாட்டை நாம் வெறும் பாட்டாகக் கேட்டதே கிடையாது.

தன் அறையில் உட்கார்ந்து ஒருவர் எழுதி, பாடி, இணையத்தில் ஏற்றிவிடுகிற பாட்டுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கதை இல்லை, தெரிந்த முகம் இல்லை, அதற்கு முன்னால் வந்த காட்சி இல்லை. பாட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று நமக்குத் தெரிவதில்லை. அந்தச் சூழ்நிலையைக் கேட்கிறவர்தான் அமைத்துக்கொடுக்க வேண்டும். நான் பிளேலிஸ்ட் போடுவது அதற்காகத்தான்.

அதனால்தான் ‘காதல்’, ‘கொண்டாட்டம்’, ‘மனதுக்கு இதம்’ என்றெல்லாம் செயலிகள் வைத்திருக்கும் தலைப்புகள் எனக்கு ஒத்துவருவதில்லை. காதல் என்று தலைப்பு வைத்தால் உலகத்துப் பாட்டில் பாதி அதற்குள் வந்துவிடும். தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும். ஓர் இடம், ஒரு வேளை, ஒரு பயணம், இப்படி ஏதாவது. பாட்டுகளும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. நூறு பாட்டு இருந்தால் அதற்குப் பெயர் கிடங்கு.

இப்போது திரையில் தெரிகிறதே, இந்தப் பட்டியலின் பெயர் ‘கழிமுகம்’. தண்ணீரும் நிலமும் கெட்டுப்போன கதைகளைச் சொல்லும் பாட்டுகள். பாட்டை இங்கே ஒலிக்கவிட முடியாது. ஐந்து நொடி ஓடினாலும் உரிமைக் கோரிக்கை வந்துவிடும். வாயால்தான் சொல்ல வேண்டும்.

இதில் முதலில் இருப்பது 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’. கபேர் வாசுகி எழுதியது, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடியது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி, அங்கே கொட்டப்படும் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி, ஆக்கிரமிப்பைப் பற்றி. சபாவில் கேட்டுப் பழகிய ராகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வரிகளோ நாம் தெருவில் பேசுகிற சென்னைத் தமிழ். முதல் தடவை கேட்கும்போது, இந்த மொழிக்கு இந்தக் கமகம் ஒட்டுமா என்று சந்தேகமாக இருக்கும். இரண்டாவது தடவை ஒட்டிவிடும். அந்தக் காணொளியையும் ஒரு தடவை பாருங்கள். பின்னால் தெரிகிற புகைபோக்கிகள் பாட்டின் பக்கவாத்தியம் மாதிரியே நிற்கின்றன.

அடுத்தது சோபியா அஷ்ரஃப் 2015இல் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’. இது ஆங்கில ராப். மெட்டு அமெரிக்கப் பாட்டிலிருந்து எடுத்தது. தமிழ்ப் பட்டியலில் இது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: பாதரசம் கலந்தது கொடைக்கானல் மண்ணில், நோயில் விழுந்தது கொடைக்கானல் தொழிலாளர்கள். அங்கே வெப்பமானி செய்த இந்துஸ்தான் யூனிலீவர் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் அது. தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு வந்ததனால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன், போராட்டம் அவர்களுடையது. ஆனால் மலைமேல் பதினைந்து வருடமாக நடந்துகொண்டிருந்த ஒன்றை ஊர் உலகம் மூன்றே நிமிடத்தில் தெரிந்துகொண்டது.

இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் ஒன்று கச்சேரி, இன்னொன்று ராப். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதற்குச் சூழ்நிலை ஆகிவிடுகிறது. ஒரு நல்ல வரிசைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் இன்னொன்று இருக்கிறது, ‘கப்பல் ஏறியவர்கள்’. சினிமாவுக்கு வெளியே தமிழில் பாட்டு என்பது ஏதோ நேற்று முளைத்தது போலப் பலர் பேசுகிறார்கள். அவர்களுக்காகவே போட்டது இது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டோடு தொடங்குகிறது. இலங்கையில் துள்ளிசைப் பாடல்கள் வானொலியையும் கல்யாண வீடுகளையும் பிடித்துவைத்திருந்த காலம் அது. அடுத்து ஏ.ஈ. மனோகரன், சிலோன் மனோகர் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அவர்தான். அவருடைய ‘சுராங்கனி’ தெரியாத தமிழ் வீடு உண்டா? உங்கள் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுப்பாருங்கள், இரண்டு வரியாவது பாடிவிடுவார்.

அங்கிருந்து மலேசியா. யோகி பி அன்ட் நட்சத்ரா, 2006, ‘வல்லவன்’ தொகுப்பு. அதிலிருக்கும் ‘மடை திறந்து’ கிளம்புவதே 1980ஆம் வருட ‘நிழல்கள்’ படப் பாட்டிலிருந்துதான். பார்த்தீர்களா, இளையராஜாவை விட்டுப் போகிறேன் என்று கிளம்பினாலும் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. பிறகு டொராண்டோ. யாஞ்சன் மிருதங்கம் வாசிக்க, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி பால் அதன்மேல் ராப் சொல்லுகிற ‘மிருதங்கம் ராப்ஸ்’. வேறு வாத்தியம் எதுவும் தேவைப்படவில்லை. மிருதங்கத்தின் சொற்கட்டும் ராப்பும் எங்கே கை கோத்துக்கொள்கின்றன என்று கவனித்துக் கேளுங்கள், சுவை அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் ‘எஞ்சாயி எஞ்சாமி’. ஐயோ, அதையா, கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்பீர்கள். 2021 மார்ச்சில் வந்ததிலிருந்து மண்டபம் மண்டபமாக, பள்ளி ஆண்டு விழா ஒன்று விடாமல் ஒலித்த பாட்டு. சரிதான். ஆனால் அதை இந்த வரிசையின் கடைசியில் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? அதை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவு, பாட்டில் கூப்பிடுகிற வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அங்கேயும் நிலம் இல்லை, இங்கேயும் நிலம் இல்லை. யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோ எல்லாம் சுற்றிவிட்டு இந்தப் பாட்டுக்கு வரும்போது, நாட்டியம் ஆடத் தோன்றாது. அதன் அடியில் ஓர் ஒப்பாரி ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் கேட்கும்.

‘அம்மா தூங்கிய பிறகு’ என்றொரு பட்டியலும் இருக்கிறது. கிதாரும் குரலும் மட்டும் உள்ள பாட்டுகள், சத்தம் குறைவாக வைத்துக் கேட்க. அதைப் பற்றி விளக்க ஒன்றும் இல்லை, கேளுங்கள்.

இங்கே ஒரு சண்டையைத் தீர்த்துவிடலாம். சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ எல்லாம் இண்டியா? இரண்டும் 2024இல் வந்தன. வெளியிட்டது திங்க் இண்டி. திரைப்பட இசை வெளியிடும் திங்க் மியூசிக்கின் கிளை அது. பாடியவரின் அப்பா திப்பு, அம்மா ஹரிணி. படப்பிடிப்பும் சினிமாவுக்குக் குறையாதது. கறாராகப் பார்த்தால் இதில் ‘தனியாக’ என்று சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும், மெட்டில் ஒரு துறுதுறுப்பு இருக்கிறது. ஆனால் என் பட்டியலில் இல்லை. காரணம் தூய்மைவாதம் இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு நான் சூழ்நிலை அமைத்துக்கொடுக்க வேண்டியதில்லை, அவையே கூட்டி வந்துவிட்டன.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நாம் செயலியில் கேட்பதால் பாடியவருக்கு என்ன போய்ச் சேருகிறது? ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கு எதுவும் கிடையாது. என் பட்டியலில் உள்ள சில பாட்டுகளுக்கு அந்த ஆயிரம் என்பதே எட்டாத உயரம். பெரிய பாட்டானால் கவலை இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். ‘எஞ்சாயி எஞ்சாமி’யால் தங்களுக்கு அதுவரை பணமே வரவில்லை என்று 2024இல் அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். ஊரே பாடிய பாட்டின் கதி அது.

ஆகவே டிக்கெட் வாங்குங்கள். நேரில் போங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சம் இல்லை. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், ஆழ்வார்பேட்டையில் ‘மேடை’ என்ற அரங்கு, எழும்பூர் மியூசியம் தியேட்டர் என்று கண்ணை ஓட்டிக்கொண்டே இருங்கள். 2009இல் லண்டனில் தொடங்கிய சோஃபார் சவுண்ட்ஸ் நிகழ்ச்சிகள் சென்னையிலும் நடந்திருக்கின்றன. யார் பாடப்போகிறார்கள் என்று முன்னால் சொல்லமாட்டார்கள், இடத்தையும் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய் திறக்காமல் கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவினர் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடை ஏறினார்கள். முன்னின்று நடத்தியது இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இசையைக் கட்டியமைத்தவர் டென்மா. கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக. அவர்களுடைய பாட்டை நான் முதலில் போனில் கேட்டபோது, கிதாரும் டிரம்ஸும் முன்னால் இருந்தன, சட்டி, கட்டமொளம் என்ற தோல் வாத்தியங்கள் எங்கோ பின்னால் கேட்டன. நேரில் அது தலைகீழ். கட்டமொளத்தின் அடி முதலில் நெஞ்சில் விழுகிறது, கிதார் அதன் பின்னால் ஓடி வருகிறது. போனின் சின்ன ஒலிபெருக்கிக்கு அந்த அடியைத் தாங்கும் வயிறு இல்லை. அன்று இரவே அந்தப் பாட்டை என்னுடைய வேறொரு பட்டியலின் நடுவிலிருந்து எடுத்து முதல் இடத்துக்கு மாற்றினேன்.

நிகழ்ச்சிக்குப் போனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் பறை அடிக்க வந்த தம்பிகள் மேடைக்குப் பின்னால் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, பறையைத் தீக்கு மேலே காட்டிக் காட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். முதலில் தட்டினால் ‘தொப்’பென்று விழுந்தது. சூடு ஏற ஏற ஒலி மேலே ஏறியது. ஒருவர் விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று தலையாட்டினார். மறுபடி தீ. கடைசியில் ‘டங்’கென்று ஒரு தெறிப்பு வந்ததும்தான் எழுந்தார்கள். இப்போது ஃபைபர் பறைகள் வந்துவிட்டன, அவற்றுக்குத் தீ வேண்டாம், மழைக்கும் பயம் இல்லை. வசதிதான். எனக்கு மட்டும் அந்தக் கடைசித் தெறிப்புக்குக் காத்திருப்பது பிடிக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடை ஓரமாகப் போய்ப் பாருங்கள். பாடகரின் காலடியில் டேப் போட்டு ஒட்டிய ஒரு தாள் இருக்கும். அன்றைய பாட்டுகளின் வரிசை, பேனாவில் அவசரமாக எழுதியது. அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கும். அதுவும் ஒரு பிளேலிஸ்ட்தான், அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்தவர் போட்டது. மூன்றாவது பாட்டை அடித்துவிட்டு ஏன் ஏழாவதை மேலே கொண்டுவந்தார் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள், இவர்களை நெருங்க நம்மைத் தடுக்கக் காவலர்கள் யாரும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பாடிக்கொண்டிருப்பவரிடம் போய் ஒரு சினிமாப் பாட்டு பாடுங்கள் என்று கத்தாதீர்கள். ஒரு காபிக் கடையில் பார்த்தேன், கடைக்காரரே சீட்டு எழுதி அனுப்பினார், நாலு ஹிட் பாட்டு பாடச் சொல்லி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாடினாள், அவளுக்கும் வாடகை கொடுக்க வேண்டுமே. ஆனால் அவளுடைய சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் நுழைத்தபோது மேசைகளில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாட்டு இன்னும் எங்கேயும் வெளியாகவில்லை. வந்ததும் ‘அம்மா தூங்கிய பிறகு’ பட்டியலில் முதலாவதாக வைப்பேன்.

‘கழிமுகம்’, ‘கப்பல் ஏறியவர்கள்’, ‘அம்மா தூங்கிய பிறகு’ மூன்று பட்டியல்களின் இணைப்பும் கீழே இருக்கிறது. அடுத்து ‘வாடகை வீடு’ என்று ஒன்று போடப்போகிறேன்: வீட்டுக்காரர், தண்ணீர் லாரி, ஆணி அடிக்கக் கூடாத சுவர், முன்பணம், இந்த வகையறா. கையில் நாலு பாட்டுதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். எழுதும்போது பாடியவர் பெயரோடு பாட்டை எழுதியவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள், செயலிகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது.