நான்காவது பெண் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

சாதாரண மனிதர் ஒருவரின் வாழ்க்கையை எழுத வேண்டுமென்றால் அவருடைய கடிதம், பள்ளிச் சான்றிதழ், வாடகை ரசீது என்று தேடிப் போகலாம். கிடைப்பது குறைவாக இருந்தாலும் அதில் பெரிய பொய் இருக்காது. ஒற்றர் விஷயம் வேறு. அவர் கையில் இருந்த காகிதங்களே பிறரை ஏமாற்றத் தயாரித்தவை. அவரை அனுப்பிய அலுவலகம் எதையும் முழுதாக எழுதி வைக்காது. பிடித்தவர்களோ போர் முடிந்த பிறகு தங்கள் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சாட்சி சொன்னவர்கள். இந்த மூன்று தரப்பையும் வைத்துக்கொண்டுதான் ஒரு உயிரின் கதையைக் கட்ட வேண்டும்.

நூர் இனாயத் கானை எடுத்துக்கொள்வோம். 1914 ஜனவரி முதல் தேதி மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர், சூஃபி ஞானி. அம்மா ஓரா ரே பேக்கர், அமெரிக்கர். பாரீஸ் அருகே வளர்ந்த நூர் குழந்தைகளுக்குப் புத்த ஜாதகக் கதைகளைத் திருப்பிச் சொல்லிப் புத்தகமாக வெளியிட்டவர். 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வயர்லெஸ் பழகினார். அங்கிருந்து எஸ்.ஓ.ஈ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு அவரை எடுத்துக்கொண்டது. எதிரி பிடித்து வைத்திருக்கும் நாடுகளுக்குள் ஆள் அனுப்பி நாசவேலை செய்வதும் உள்ளூர் எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதம் சேர்ப்பதும் அதன் வேலை. 1943 ஜூன் மாதம் ஓர் இரவு, சிறிய லைசாண்டர் விமானம் அவரை பிரான்சில் இறக்கிவிட்டது. போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே பாரீஸ் வலைப்பின்னலில் பலர் மாட்டிக்கொண்டார்கள். திரும்பி வரச் சொல்லியும் வராமல், ஒரு பெட்டிக்குள் வயர்லெஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறி, அக்டோபரில் ஜெர்மானியரிடம் பிடிபடும் வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இவருக்கு எத்தனை பெயர் பாருங்கள். வீட்டில் நூருன்னிசா. விமானப்படைப் பதிவில் நோரா. வயர்லெஸில் மதலேன். போலி அட்டையில் ஜான்-மரி ரெனியே என்ற குழந்தைப் பராமரிப்பாளர். கடைசியில் சிறையில், தானே வைத்துக்கொண்ட நோரா பேக்கர். இவரைத் தேடுபவர் ஒரே பெண்ணை ஐந்து இடத்தில் தேட வேண்டும்.

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் லண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்தில் இருக்கிறது. எஸ்.ஓ.ஈ. ஆட்களின் தனிக் கோப்புகள் அங்கேதான். நூரின் கோப்பில் பயிற்சி முடிந்தபோது மேலதிகாரி எழுதிய குறிப்பு ஒன்று உண்டு: மூளை அப்படி ஒன்றும் அதிகமில்லை, உழைப்பாளி, ஆனால் நிலையற்ற சுபாவம், களத்துக்கு ஏற்றவரா என்பது சந்தேகம் என்கிற பொருளில். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர் அந்த வரிக்குப் பக்கத்திலேயே, மூளை அதிகமுள்ள ஆட்கள் நமக்கு வேண்டாமே என்று கிறுக்கியிருக்கிறார். நூரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் இந்தக் குறிப்பை எடுத்தாள்வார்கள். நூரைவிட அந்த இரண்டு அதிகாரிகளைப் பற்றித்தான் இது அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம். ஓரத்தில் கிறுக்கும்போது அவர் வரலாற்றுக்காகவா எழுதினார்? பக்கத்து மேசைக்காரரோடு சண்டை போட்டார், அவ்வளவுதான்.

காகிதமும் முழுதாக இல்லை. 1946 தொடக்கத்தில் பேக்கர் தெரு அலுவலகத்தில் தீப்பிடித்ததில் நிறைய போனது. மிச்சத்தில் கணிசமானதை அலுவலகமே வேண்டாதது என்று கழித்துக்கட்டியது. ஆகவே கோப்பில் ஒரு விஷயம் இல்லை என்பதால் அது நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

சரி, இப்போது தலைப்புக்கு வருவோம். நான்காவது பெண்.

போர் முடிந்ததும் எஸ்.ஓ.ஈ.யின் பிரெஞ்சுப் பிரிவில் வேலை பார்த்த வேரா அட்கின்ஸ் என்ற அம்மையார், தாங்கள் அனுப்பித் திரும்பாதவர்களைத் தேடி ஜெர்மனிக்குப் போனார். கையில் ஒரு பட்டியல். சிறை சிறையாகப் போய்க் காவலர்களையும், கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ்காரர்களையும் விசாரித்தார். 1944 ஜூலை 6 அன்று அல்சாஸ் மலைப்பகுதியில் உள்ள நாட்ஸ்வைலர் நாஜி வதைமுகாமுக்கு நான்கு பெண்களைக் கொண்டுவந்து, அன்றே விஷ ஊசி போட்டு எரித்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. முகாமில் கைதியாக இருந்த பிரையன் ஸ்டோன்ஹவுஸும் ஒரு எஸ்.ஓ.ஈ. ஆள்தான். தொழில்முறை ஓவியர். நான்கு பேரும் நடந்து போனதை அவர் பார்த்திருந்தார். உடை, முடி, நடை எல்லாம் அவர் நினைவில் இருந்தன.

மூன்று பேரை உறுதிப்படுத்த முடிந்தது: ஆந்த்ரே பொரெல், வேரா லீ, டயானா ரௌடன். நான்காவது? சிறிய உருவம், கருத்த முடி. பட்டியலில் எஞ்சியிருந்த பெயர்களில் அதற்குப் பொருந்தியது நூர். ஆக, நூர் நாட்ஸ்வைலரில் இறந்தார் என்று எழுதியாயிற்று.

அட்கின்ஸ் சோம்பேறி அல்ல. அந்த வேலையை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், கடுமையாக விசாரித்தவர். இருந்தும் அவர் தேடியதெல்லாம் தன் பட்டியலுக்குள்ளேதான். லண்டனிலிருந்து அனுப்பிய பெண்கள் மட்டுமே அதில் இருந்தார்கள். பிரான்சிலேயே சேர்த்துக்கொண்ட பெண் ஒருத்தி இருக்கலாம் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு சாப்பாட்டுக் கிண்ணம். ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம் ஊர்ச் சிறையில் யோலாந்த் லக்ராவ் என்ற பிரெஞ்சுப் பெண் அரசியல் கைதியாக இருந்தார். அதே சிறையில் தனியறையில், கைக்கும் காலுக்கும் சங்கிலி போட்டு, யாரோடும் பேசவிடாமல் ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். கைதிகளின் உலோகக் கிண்ணங்கள் கழுவப்பட்டு அறை மாறி அறை போகும். அடிப்பக்கத்தில் எதையாவது கீறி அனுப்பினால் வேறு யாராவது படிப்பார்கள். அந்தச் சங்கிலிப் பெண் அப்படித்தான் தன் பெயர் நோரா பேக்கர் என்றும், முகவரி லண்டன், டேவிட்டன் தெரு, 4-ம் எண் என்றும் கீறியிருந்தார். ஜூலை 4 வந்தபோது அமெரிக்காவுக்கு ஒரு வாழ்த்து. ஜூலை 14 வந்தபோது பிரான்சுக்கு ஒரு வாழ்த்து.

தேதியைக் கவனியுங்கள். 1943 நவம்பர் இறுதியில் நூர் அந்தச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அவர் பார்த்த ஜூலை ஒன்றே ஒன்றுதான், 1944 ஜூலை. ஜூலை 6 அன்று அல்சாஸில் எரிக்கப்பட்ட பெண் ஜூலை 14 அன்று ஃபோர்ஸ்ஹைமில் கிண்ணம் கீற முடியாதே!

போர் முடிந்ததும் லக்ராவ் அந்த முகவரிக்கு எழுதினார். அது நூரின் தாயார் இருந்த வீடு. பேக்கர் என்பது தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர். செய்தி அட்கின்ஸ் காதுக்கும் போயிற்று. அவர் மறுபடி விசாரித்து, ஃபோர்ஸ்ஹைமிலிருந்து தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது அது டாஹாவ் முகாமில் முடிந்தது. 1944 செப்டம்பர் 13 அன்று யோலாந்த் பீக்மன், எலியான் ப்லூமன், மதலேன் தாமர்மான் ஆகியோருடன் நூரும் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இந்தத் தாமர்மான் எப்படிப் பிடிபட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நூரின் வயர்லெஸ் கருவியும், அவர் அனுப்பிய செய்திகளைக் குறித்து வைத்திருந்த நோட்டும் ஜெர்மானியர் கையில் சிக்கின. அவர் அனுப்புவதுபோலவே அவர்கள் லண்டனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லண்டன் நம்பியது. 1944 பிப்ரவரி கடைசி இரவில் பாராசூட்டில் குதித்த தாமர்மானை வரவேற்கக் கீழே காத்திருந்தது கெஸ்டபோ.

அந்தக் கடைசி நாள் எப்படி நடந்தது என்பதற்கு ஒரே ஒரு கதை இல்லை. அவர்களை டாஹாவுக்கு ரயிலில் கொண்டுபோன கெஸ்டபோ அதிகாரிகளில் ஒருவரான கிறிஸ்டியன் ஓட் கொடுத்த வாக்குமூலத்தில் நால்வரும் மண்டியிட்டு ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு இறந்தார்கள் என்று வருகிறது. ஆனால் ஓட் அதை நேரில் பார்த்தவர் இல்லை. உடன் வந்த சகா சொல்லக் கேட்டது. உண்மையில் என்ன நடந்தது என்று மறுபடி கேட்டதற்குச் சகா நேராகப் பதில் சொல்லவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பின்னாளில் வேறொரு கைதி மூலமாக வந்த கதை இன்னும் கொடூரமானது. அதில்தான் நூர் அடிபட்டு, கடைசியாக விடுதலை என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லிவிட்டு இறந்ததாக வருகிறது. மேடையில் பேசுபவர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். நெஞ்சைத் தொடுகிறது என்பதற்காக ஒன்று சாட்சியம் ஆகிவிடாது.

அப்படியானால் நாட்ஸ்வைலரின் நான்காவது பெண்? நூர் அங்கே இல்லையென்றால் அந்த இடம் காலி. அதை நிரப்ப லண்டன் அவசரப்படவில்லை. டயானா ரௌடனைப் பள்ளிக் காலத்திலிருந்தே அறிந்த எலிசபெத் நிக்கலஸ் என்ற எழுத்தாளர், தோழிக்கு என்ன ஆயிற்று என்று தேடப் போனவர். 1958-ல் அவர் வெளியிட்ட நூல்தான் அந்தப் பெயரை எல்லாருக்கும் சொன்னது: சோனியா ஓல்ஷனெஸ்கி. 1923-ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் பிறந்த யூதப் பெண். பாரீஸில் நடனம் கற்றவர். அங்கேயே எஸ்.ஓ.ஈ.யின் ஒரு குழுவுக்குத் தூது போகும் வேலையில் சேர்ந்தவர். குழுத் தலைவர்கள் பிடிபட்ட பிறகும் வேலையை விடவில்லை. 1944 ஜனவரியில் மாட்டினார்.

இன்னொன்று இருக்கிறது. எனக்குப் பெரிய கோபம் வருவது இதில்தான். 1943 அக்டோபரிலேயே, மதலேனுக்கு ஆபத்து நேர்ந்துவிட்டது என்று சோனியா சுவிட்சர்லாந்தின் பெர்ன் வழியாக லண்டனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். யார் இந்தச் சோனியா, இப்படி ஒரு ஆள் நம்மிடம் இல்லையே என்று பக்மாஸ்டர் அதை ஒதுக்கிவிட்டார். வயர்லெஸில் வருவது நூர்தான் என்று தொடர்ந்து நம்பினார். அந்த ஒரு செய்தியை நம்பியிருந்தால் தாமர்மான் அந்த வயலில் குதித்திருக்கமாட்டார். பெயர் தெரியாததால் சோனியாவின் எச்சரிக்கை எடுபடவில்லை. அதே பெயர் தெரியாததால் அவருடைய மரணமும் கொஞ்ச காலம் வேறொரு பெண்ணின் கணக்கில் போயிற்று.

நூருக்கு 1949-ல் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வந்தது. 2012-ல் லண்டன் கார்டன் சதுக்கத்தில் மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2020-ல் டேவிட்டன் தெரு 4-ம் எண் வீட்டில் நீலப் பலகை பதித்தார்கள். திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்று குடும்பத்தார் சொல்வதையும் எல்லாரும் மகிழ்ச்சியோடு எடுத்து எழுதுகிறார்கள். வேலூர்க் கோட்டையில் திப்புவின் பிள்ளைகள் சிறையிருந்ததை அறிந்த நமக்கு அது இன்னும் கவர்ச்சியாகத் தெரியும். தாய்வழி, தந்தைவழி என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

இந்தத் துறையில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். கியூவில் எஸ்.ஓ.ஈ. தனிக் கோப்புகள் பொதுவாக ஒருவர் பிறந்து நூறு ஆண்டு ஆகும்வரை மூடியே இருக்கும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டுமென்றால் அவர் இறந்துவிட்டார் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கோப்பு திறந்ததும் ஆளுடைய பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே அடையாளம் தெரியவில்லை, யாரென்று புரியவில்லை என்று அதிகாரி எழுதி ஓரமாக ஒதுக்கிய பெயர்களைத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கேட்க வேண்டிய கோப்பு எது என்று அந்தத் தாள் சொல்லும்.

நன்றி, வணக்கம்.