நம்ம பொண்ணுங்களை பலமான டீம்கூட ஆடவிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். முதல்ல டயஸ்ல இருக்கிற பெரியவங்களுக்கு சொல்ல வேண்டிய மரியாதைய சொல்லிடுதேன், அத விட்டுட்டு பேச்ச தொடங்குனா எனக்கு மனசு ஒப்பாது. விழாவுக்கு தலைமை தாங்குற நம்ம பங்குத்தந்தை அவர்களே, திருவிழா டோர்னமென்ட்ல பெண்பிள்ளைங்களுக்கும் தனியா ஒரு கப்பு உண்டுன்னு ஞாயிறு பூசையில வச்சு அறிவிச்சவர் நீங்கதான், அத இந்த ஊரு மறக்கப்படாது. பஞ்சாயத்து தலைவி அக்கா, நாகர்கோவில்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிற விளையாட்டு ஆபீஸ் மேடம், ஊர் கமிட்டி தலைவர், பொருளாளர், நான் வேலைக்கு சேந்த புதுசுல எனக்கு ரெஃப்ரி விசில் ஊத சொல்லிக்குடுத்த எங்க பி.டி. சார், சார் உங்களுக்கு கண்ணு சரியா தெரியல்லன்னு சொன்னாவ, ஆனா ஆஃப்சைடு மட்டும் இன்னிக்கும் உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அப்புறம் மீன் கடவத்த ஓரமா வச்சுட்டு மணல்ல உக்காந்திருக்கிற எங்க அம்மமாரு. விடிஞ்சா சந்தைக்கு போகணும், அப்படி இருந்தும் வந்திருக்கிய. உங்க எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

ரெண்டு காரியம் பேசணும்னு எழுதிட்டு வந்தேன். நம்ம இந்திய பெண்கள் ஃபுட்பால் டீம் யாருகூட ஆடணும், நம்ம பிள்ளைங்க எங்க வச்சு ஆடணும். இதுல முதல் காரியம்தான் எனக்கு உயிர், அதனால அதுலயே தொடங்குதேன்.

எங்க அம்மச்சி ஒரு பழமொழி சொல்லும், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நல்ல சர்க்கரைய பாக்காதவனுக்கு கிடைச்சதுதான் இனிப்பு. 2024 டிசம்பர் 30ஆம் தேதி பெங்களூருல நம்ம டீம் மாலத்தீவ 14-0ன்னு ஜெயிச்சுது, ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடியும் ஆடி 11-1. எங்க கிளப்பு வாட்ஸ்அப் குரூப்புல ஒரே கொண்டாட்டம், பட்டாசு படம், கப்பு படம். நான் அந்த மாலத்தீவு பிள்ளைங்கள ஒரு வார்த்தை குறைச்சு சொல்ல மாட்டேன், 14 வாங்குன பிறகு ரெண்டாவது மேட்சுக்கு வந்து நின்னாவ பாருங்க, அதுக்கு ஒரு நெஞ்சு வேணும். நான் கேக்குறது நம்ம பக்கத்த. அந்த 90 நிமிஷத்துல நம்ம கோல்கீப்பருக்கு என்ன வேலை இருந்துது? ஸ்டாப்பர் பேக்குக்கு என்ன வேலை? எதிர் டீமுக்கு கோல்கிக் போனா எங்க நிக்கணும், ரெண்டு பேரு சேந்து அழுத்தி வரும்போது பந்த யாருக்கு தள்ளணும், 80ஆவது நிமிஷம் காலு கனக்கும்போது லைன எப்படி புடிச்சு நிக்கணும், இதுல ஒண்ணாவது படிக்க முடியுமா அந்த மேட்சுல?

பிப்ரவரியில அதே பிள்ளைங்க ஷார்ஜாவுக்கு பிங்க் லேடீஸ் கப்பு ஆட போனாவ. ஜோர்டான 2-0 ஜெயிச்சாச்சு, ரஷ்யாகிட்ட 0-2, தென் கொரியாகிட்ட 0-3. எங்க குரூப்புல ஒருத்தரும் ஒண்ணும் போடல்ல. எனக்கு அந்த 0-3தான் அந்த 14-0ஐ விட பெருசு. ஏன்னா கொரியா உலகக் கோப்பை ஆடுற டீம், அவங்ககிட்ட மூணோட நிக்கணும்னா நம்ம பின்வரிசை முழு மேட்சும் கண்ணு மூடாம நிக்கணும். பிறகு உஸ்பெகிஸ்தான கூப்பிட்டு பெங்களூருல வச்சு ரெண்டு மேட்ச், ரெண்டுலயும் 0-1. தோத்ததுக்கு எதுக்கு மேட்ச் வைக்கணும்னு கேட்டவங்க உண்டு. பதில் ஜூலையில வந்துது. சியாங் மாயில ஆசியக் கோப்பை தகுதிச்சுற்று, மங்கோலியாவ 13-0, திமோர்-லெஸ்தேவ 4-0, ஈராக்க 5-0. மொத்தம் 22 கோல், ஒண்ணுகூட வாங்கல்ல. தாய்லாந்தும் அதே மூணு டீம அடிச்சு அதே 22. பாயிண்டும் சரி, கோலும் சரி, கடைசி மேட்ச் ரெண்டு டீமும் நேருக்கு நேர், தாய்லாந்து சொந்த ஊருல. அப்ப அந்த 22 கோல் எந்த உபகாரத்துக்கும் இல்ல. ஷார்ஜாவுலயும் பெங்களூருலயும் வாங்குன அடிதான் கூட நின்னுது. சங்கீதா பாஸ்ஃபோர் தூரத்துல இருந்து ஒண்ணு அடிச்சா, அவங்க திருப்பி போட்டாவ, மறுபடியும் சங்கீதாவே தலையால ஒண்ணு, 2-1. தகுதிச்சுற்று ஆடி ஜெயிச்சு இந்தியா ஆசியக் கோப்பைக்கு போறது இதுதான் முதல் தடவை ஆக்கும். 2026 மார்ச்சு ஆஸ்திரேலியா ஆசியக் கோப்பையில ஜப்பான், வியட்நாம், சீன தைபேன்னு சொல்லுற தைவான், மூணு பேரும் நம்ம குரூப்பு.

வியட்நாம்னு சொன்ன உடனே இன்னொண்ணு சொல்லணும். 2023 உலகக் கோப்பைக்கு அவங்க முதல் தடவையா போனாவ. போறதுக்கு முந்தி சும்மா பக்கத்து நாட்டுக்காரங்கள கூப்பிட்டு ஆறு ஏழு கோல் போட்டு மனசு தேத்திக்கிடல்ல. ஜெர்மனிக்கு போனாவ, ஜெர்மனிக்காரங்க ஊருலயே ஆடி 1-2. பிறகு ஸ்பெயின்கூட ஆடி 0-9. ஒம்பது! அந்த உலகக் கோப்பைய ஜெயிச்ச டீமே ஸ்பெயின்தான், அது பிறகு நடந்தது. அந்த ஒம்பது வாங்குன கொஞ்ச நாளுல அமெரிக்காகூட முதல் மேட்ச். வியட்நாம் கோல்கீப்பர், கிம் தான்ஹ்னு பேரு, அலெக்ஸ் மார்கன் அடிச்ச பெனால்டிய தடுத்தா. ஸ்கோர் 0-3. இதே அமெரிக்கா 2019ல தாய்லாந்துக்கு 13 போட்ட டீமாக்கும். பயம் எல்லாத்தையும் ஸ்பெயின்கிட்டயே கொட்டித் தீத்துட்டு வந்த டீம் அது, அதுதான் என் எண்ணம்.

நம்மளும் ஒரு தடவை அப்படி போயிருக்கோம். 2021 நவம்பர், பிரேசில்ல மனாவுஸ். தொடங்குன உடனே பிரேசில் ஒண்ணு போட, கொஞ்ச நேரத்துல பஞ்சாப்காரி மனிஷா கல்யாண் பந்த எடுத்துட்டு ஓடி திருப்பி போட்டா, 1-1. ஏழு உலகக் கோப்பை ஆடுன பிரேசில்காரி ஃபோர்மிகா, 43 வயசு, அவங்களுக்கு நாட்டுக்காக ஆடுற கடைசி மேட்ச் அது. கடைசியில 1-6, சிலிகிட்ட 0-3, வெனிசுவேலாகிட்ட 1-2. மூணும் தோல்வி. ஆனா மறு வருஷமே மனிஷா சைப்ரஸ்ல ஒரு கிளப்புக்கு போயி யூரோப் சாம்பியன்ஸ் லீக்ல இறங்குனா.

இதுக்கு நம்ம கடற்கரையிலயே நடந்த கதை ஒண்ணு உண்டு, பாதி பேருக்கு தெரியும், தெரியாதவங்க கேளுங்க. நம்ம கிளப்பு பெண்பிள்ளைங்க ஒரு காலத்துல இந்த சுத்துவட்டாரத்துல ராணிங்க. பக்கத்து ஊரு, அதுக்கு பக்கத்து ஊரு, எங்க திருவிழா டோர்னமென்ட் நடந்தாலும் கப்பு நமக்குத்தான். அஞ்சு, ஆறு, எட்டுன்னு கோலு. சென்டர் ஃபார்வர்டு பிள்ளை கோல் போட்டுட்டு திரும்பி நடந்து வரும், ஓடிக்கூட வராது. கோல்கீப்பர் பிள்ளை போஸ்ட்ட சாஞ்சு நின்னு கூட்டத்துல தங்கச்சிகிட்ட கத பேசும். அப்ப பி.டி. சார் சொன்னார், இதுங்க கெட்டுப்போவுது டீச்சர், பார்டரு தாண்டி ஆள கூப்பிடுங்கன்னு. நம்ம நீரோடி தாண்டுனா கேரளத்து பொழியூர், அந்த கடற்கரை ஃபுட்பால் உங்களுக்கு நான் சொல்லணுமா, சந்தோஷ் டிராபி ஆளுகள விளைவிச்ச மண்ணு. அந்த வழியா பேசி திருவனந்தபுரத்துல காலேஜ் பிள்ளைங்க ஆடுற ஒரு டீம வரவழைச்சோம்.

ஊரே கூடிட்டு. ஆனி மாசம், கடல் இளகி கிடக்கு, யாரும் தொழிலுக்கு போகல்ல, அதனால வள்ளக்காரங்க மொத்தம் கரையிலதான். மைக்குல ஒருத்தன் விடாம அறிவிப்பு, "வெல்ல முடியாத நம்ம ஊர் சிங்கப் பெண்கள்"னு. விசில் ஊதி நாலு நிமிஷம் ஆகல்ல, முதல் கோல். கோல்கீப்பர் அப்பவும் போஸ்ட்டுலதான் சாஞ்சு நிக்குது! ரெண்டு, மூணு, மைக்குக்காரன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நாலாவதுல நின்னுட்டு. ஹாஃப் டைம்ல 0-5. அப்ப அந்த கோல்கீப்பருக்க அம்ம, மீன் வித்துட்டு நேரா வந்தவ, கடவத்த இறக்காம கிரவுண்டுக்கு உள்ள நடந்தா. எல்லாரும் நினைச்சோம் பிள்ளைய அடிச்சு இழுத்துட்டு போகப் போறான்னு. அவ நேரா எதிர் டீம் கோல்கீப்பர்கிட்ட போயி நின்னு, "மக்களே, நீ கைய எப்படி வச்சிருக்க, இந்தா இவளுக்கும் கொஞ்சம் காட்டிக்குடு"ன்னு கேட்டா. கூட்டம் கப்சிப்புன்னு ஆயிட்டு. அந்த பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே நம்ம பிள்ளை கைய புடிச்சு, பெருவிரலு ரெண்டும் சேந்து நிக்கணும், முழங்கை மடங்கி நெஞ்சோட பந்த அணைக்கணும்னு காட்டிக்குடுத்துது, தன் பையில இருந்து பிளாஸ்டர் எடுத்து மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேத்து சுத்தியும் விட்டுது. செகண்ட் ஹாஃப்ல ரெண்டுதான் போச்சு, நாலு பந்த நம்ம பிள்ளை புடிச்சுது. 0-7. வள்ளக்காரங்க எழும்பி நின்னு கைதட்டுனாவ, யாருக்குன்னு கேட்டா ரெண்டு டீமுக்கும்தான். மறு வருஷம் அதே டீம் வந்துது, 1-2. அந்த ஒண்ணு போட்டது யாருன்னு நினைக்கிய, கோல் போட்டுட்டு நடந்து வந்த அதே பிள்ளைதான், இந்த தடவ வலைக்குள்ள இருந்து பந்த தானே எடுத்துட்டு நடு லைனுக்கு ஓடுனா.

ஆலை இல்லாத ஊருல இலுப்பைப்பூவ சர்க்கரைன்னு நக்கிட்டிருந்த பிள்ளைங்க நல்ல சர்க்கரைய கண்ட நாளு அது.

அதனால டெல்லியில இருக்கிற ஃபெடரேஷன்காரங்களுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். ஃபிஃபா விண்டோன்னா நாட்டு டீமுங்க ஆடுறதுக்குன்னு உலக ஃபுட்பால் சங்கம் ஒதுக்குற நாளு, அது ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மேட்ச் கட்டாயம் வைங்க, விண்டோவுல வச்சாத்தான் வெளிநாட்டு கிளப்புல ஆடுற பிள்ளைங்களையும் கிளப்பு விட்டுக்குடுக்கும். ஒண்ணு நம்மள விட இருபது முப்பது இடம் மேல இருக்கிற டீம், வியட்நாம், உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து மாதிரி, தோத்தாலும் ஒரு கோல் ரெண்டு கோலுல தோக்கிற மாதிரி. இன்னொண்ணு சரிக்கு சரி. வருஷத்துக்கு ஒரு தடவ ஜப்பான், ஆஸ்திரேலியா மாதிரி பெரிய ஆளு. தினம் ஏழும் எட்டும் வாங்குனாலும் பிள்ளைங்க மனசு ஒடிஞ்சுபோகும், அதையும் நான் மறுக்கல்ல. ஆனா ஆடாம இருக்கிறத போல கேடு ஒண்ணும் இல்ல. கோழிக்கோட்டுல நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்லயும் 1983ல பாங்காக்லயும் ஃபைனல் வர போன நாடு இது. அந்த நாட்டு டீம் 18 மாசத்துக்கு மேல ஒரு மேட்சும் ஆடல்லன்னு 2009ல ஃபிஃபா ரேங்கிங் லிஸ்ட்ல இருந்தே பேர எடுத்துட்டாவ. அதுக்கு பிறகு தெற்காசிய நாடுகள் ஆடுற சாஃப் கப்பு முதல் அஞ்சு தடவையும் நமக்குத்தான், சந்தோஷம், ஆனா அதுலயே தூங்கிட்டோம், 2022ல நேபாளம் செமிஃபைனல்ல எழுப்பி விட்டுது, அந்த கப்பும் 2024 கப்பும் பங்களாதேஷுக்கு.

இப்ப விஷயத்துக்கு வாறேன். பலமான ஆள கூப்பிடணும்னா கூப்பிடுறதுக்கு ஒரு இடம் வேணுமா இல்லியா? ஸ்பெயினையும் ஜெர்மனியையும் விடுங்க, திருவனந்தபுரத்துக்காரங்க மூணாவது தடவ ஏன் வரல்ல? போன்ல என்கிட்ட தெளிவா சொன்னாவ, டீச்சர், பிள்ளைங்களுக்கு டிரெஸ் மாத்த ஒரு ரூம் இல்ல, பாத்ரூம் இல்ல, மணல்ல காலு பெரளுதுன்னு. நியாயம்தானே. நம்ம பிள்ளைங்க ஆடுற இடத்த போயி பாருங்க, ஒரு பக்கம் வலை காய போட்டிருக்கு, ஒரு பக்கம் வள்ளம், சாயங்காலம் ஆம்பிளைப் பிள்ளைங்க வந்துட்டா இவளுவளுக்கு ஓரத்துல கார்னர் கொடி பக்கம் மட்டும்தான். ஆறு மணி ஆச்சுன்னா இருட்டு, வீட்டுல இருந்து ஆளு வந்திரும். கிரவுண்ட் இல்லாத ஊருக்கு கடப்புறமே ஸ்டேடியம்னு நம்மளும் இலுப்பைப்பூவ தின்னுட்டு இருக்கோம். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்கு போங்கன்னு சொல்லுதாவ. பஸ்ஸுல போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல, வர அதே நேரம், பத்தாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை எப்ப போவும், எப்ப படிக்கும்?

தமிழ்நாட்டு பெண்கள் டீம் 2018ல மணிப்பூர ஃபைனல்ல 2-1ன்னு ஜெயிச்சு நேஷனல் சாம்பியன் ஆச்சு, 2023ல ஹரியானாவ ஜெயிச்சு மறுபடியும். கடலூர்ல இருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன்னு இந்தியாவுக்கே ஆடுன பிள்ளைங்க வந்தாவ. மதுரை சேது எஃப்.சி. 2019ல இந்திய பெண்கள் லீக்க ஜெயிச்சுது. கடலூர்ல முடியும், மதுரையில முடியும். ஆம்பிளைப் பிள்ளைங்கள ஐ.எஸ்.எல். வர அனுப்புன இந்த தூத்தூர் இரவிபுத்தன்துறை கடற்கரையில பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன் முடியாது? காலுல குறை இல்ல மேடம், தரையிலதான் குறை.

அதனால மேடத்துக்கிட்டயும் தலைவி அக்காகிட்டயும் இந்த மேடையில வச்சே கேக்கேன். நம்ம கடற்கரைக்கு புல்லு போட்ட முழு அளவு கிரவுண்ட் ஒண்ணு, நாலு லைட்டு கம்பம், தண்ணி வசதியோட ரெண்டு டிரெஸ்ஸிங் ரூம், சாயங்காலம் அஞ்சு முதல் ஏழு வர பெண்பிள்ளைங்களுக்கு மட்டும்னு எழுதுன போர்டு. போர்டு முக்கியம், போர்டு இல்லன்னா மறு வாரமே அந்த நேரமும் போயிரும். இடம் எதுன்னு கமிட்டி தலைவருக்கு தெரியும், புறம்போக்குதான், அத பத்தி அவர்கிட்ட தனியா பேசிக்கிடுங்க.

மனு அந்த பந்தல் ஓரத்துல மேசையில இருக்கு, நம்ம கோல்கீப்பர் பிள்ளைதான் உக்காந்திருக்கா. அம்மமாரு முதல்ல போங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு உங்களுக்கு. கையெழுத்து போடத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கலாம், மையும் வச்சிருக்கு. பங்குத்தந்தை முதல் கையெழுத்து போட்டாச்சு, ரெண்டாவது இடத்த தலைவி அக்காவுக்குன்னு காலியா விட்டிருக்கோம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு கொண்டு போறோம், கூட வர முடிஞ்சவங்க காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு கோயில் முன்னால வந்து நில்லுங்க. நன்றி, வணக்கம்.