வெள்ளிக்கிழமை மாத்திரை

(கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு வாசகசாலையில் பேசியது. பேசினபடியே எழுதியிருக்கிறேன், ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் திருத்தினேன்.)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. தொழில் ரப்பர் பால்வெட்டு. விடியக்காலம் மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களோடுதான் இத்தனை வருடம் பேசியிருக்கிறேன், அதுகள் திரும்பக் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.

என் மகனுக்கு நாலரை வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோயில் இதுதான் அதிகம். இப்போது அவனுக்குப் பதினாலு வயது, அதோ கடைசி பெஞ்சில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி யாரும் மூக்கை உறிஞ்ச வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்தில் முதல் ஏழெட்டு மாதம் கடுமையான சிகிச்சை. அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை, அங்கே நம் கையில் ஒன்றுமில்லை, டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் ஒருநாள் டாக்டர் "இனி மெயின்டனன்ஸ், வீட்டுக்குப் போகலாம்" என்றார். பைக்குக்கு ஆயில் மாற்றுகிற மாதிரி ஏதோ சின்ன வேலை என்று நினைத்துவிட்டேன். நோய் திரும்பி வராமல் இருக்க வீட்டிலிருந்தே மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிற, ஒன்றரை, இரண்டு வருடம் நீளுகிற வேலை அது. டாக்டர் மாதம் ஒருமுறை பார்ப்பார், மற்ற நாளெல்லாம் நர்ஸ், மருந்துக்கடைக்காரர், கணக்குப்பிள்ளை எல்லாம் அவன் அம்மாவும் நானும்தான்.

தினமும் ராத்திரி மெர்காப்டோபூரின் என்கிற புற்றுநோய் மாத்திரை. ஒன்று 50 மில்லிகிராம். பிள்ளையின் உடம்புக்குத் தகுந்து சில நாள் ஒன்று, சில நாள் அரை என்று எழுதிக்கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மெதோட்ரெக்ஸேட் என்கிற இன்னொரு புற்றுநோய் மருந்து, 2.5 மில்லிகிராம் மாத்திரை அவனுக்கு ஆறு. நுரையீரலில் கிருமி வராமல் இருக்க சனி, ஞாயிறு செப்ட்ரான். மாதம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, அதோடு ஐந்து நாள் ஸ்டீராய்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுகில் ஊசி. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கொஞ்சம் மாறும், என் மகன் கணக்கை உங்கள் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இதில் அந்த வெள்ளிக்கிழமை மாத்திரைதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. வாரத்துக்கு ஒருநாள் கொடுக்க வேண்டியதை யாராவது தினமும் கொடுத்துவிட்டால் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் ஒரே டப்பாவில்தான் எல்லா மாத்திரையும் கிடந்தது, ஒருநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் பாட்டி ஆசையாக எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். நல்லவேளை, அவன் அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கே அதைத் தனி டப்பாவில் போட்டு, சிவப்புத் துணி சுற்றி, மேலே பரணில் வைத்தோம். ஒரு நோட்டும் வாங்கினோம். கொடுத்தவுடன் தேதி, மாத்திரை எண்ணிக்கை, கொடுத்தவர் கையெழுத்து. ஆமாம், சொந்தப் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கையெழுத்து. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

இந்த மெர்காப்டோபூரினை 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்கிற பெண். 1988-இல் நோபல் பரிசும் வாங்கினார். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதம் தாண்டுவதே அபூர்வம். இதை நான் வாசித்தது மகன் தூங்கின ஒரு ராத்திரி. வாசித்த பிறகு அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

சரி, வாந்தி எடுக்கிற நாளில் மாத்திரை கொடுக்க யாரும் மறப்பதில்லை. மறப்பது, பிள்ளை முற்றத்தில் ஓடி விளையாடுகிற நாளில்தான். முடி முளைத்துவிட்டது, ஸ்டீராய்டில் முகம் உப்பிக் கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா வந்து "பிள்ள நல்லா தேறிட்டானே, இன்னும் என்னத்துக்கு மாத்திரை" என்கிறாள். அது தேறினது இல்லை அக்கா, வீக்கம். எத்தனை பேருக்கு விளக்குவது! எனக்கே ஒரு கல்யாண வீட்டில் தோன்றியது, இரண்டு நாள் விட்டால் என்ன என்று. அமெரிக்காவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள், நூற்றுக்கு 95 வேளைக்கும் குறைவாக இந்த மெர்காப்டோபூரின் மாத்திரை போன பிள்ளைகளுக்கு நோய் திரும்புகிற வாய்ப்பு கூடுகிறதாம். மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே 95-க்குக் கீழே போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டிலிருந்து பந்தி முடியுமுன்னே கிளம்பி வந்தேன்.

அப்புறம் காய்ச்சல். வெள்ளையணுவில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை, கிருமியோடு சண்டை போடுவது அதுதான், அது 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் விடிகிறவரை பொறுக்கக் கூடாது. 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் சரி, 101 ஒரு தடவை காட்டினாலும் சரி, கிளம்ப வேண்டியதுதான் என்று எங்களுக்குச் சொன்னார்கள். உங்களுக்குச் சொன்ன எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கிளம்புமுன் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிடாதீர்கள், காய்ச்சல் ஒளிந்துகொள்ளும், கிருமி உள்ளேயே இருக்கும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும்.

ஒரு ஐப்பசி மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு அவனுக்கு 101.2. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போக நேரமாகும் என்று பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரை தாறேன், காலையில வாங்க" என்றார்கள். நான் கத்திவிட்டேன். கத்தினது தப்புதான், ஆனால் ஊசி ஏறியது. அடுத்த முறை டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்: இந்தப் பிள்ளை கீமோவில் இருக்கிறான், காய்ச்சல் என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில். அதற்கப்புறம் கத்த வேண்டி வரவில்லை. அந்தக் கடிதம், இரண்டு செட் துணி, ஜீப் ஓட்டுகிற தம்பியின் நம்பர், இவ்வளவும் வாசல் பக்கம் ஒரு பையில் எப்போதும் இருக்கட்டும்.

நம் ஊரில் ஒருவருக்கு அம்மை போட்டால் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்லமாட்டார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். கீமோவில் இருக்கிற பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல்வரை போய்விடும். கூட விளையாடின பிள்ளைக்கு அம்மை என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும், தடுக்க மருந்து உண்டு, நாள் தள்ளினால் பயன்படாது. அவன் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் இப்படித்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணிச் சொன்னார். அவர் பெயரைச் சொன்னால் கோபிப்பார், இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஸ்டீராய்டு ஐந்து நாளும் பசி பேய் மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "அப்பா, கெழங்கும் சாளைக்கறியும் வேணும்" என்பான். தட்டை எறிவான், அழுவான், என்னைக் கடித்திருக்கிறான். குணம் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள், மருந்து அப்படி. பழைய கறியைச் சூடாக்கிக் கொடுக்கவும் மனசில்லை, அந்நேரத்துக்கு மரச்சீனியை வேகவைத்து, மீனைப் புதிதாக வைத்து, மூன்று மணிக்கு நான் விளக்கைக் கட்டுகிற நேரத்தில் அவன் உண்டு முடிப்பான். ஒரு வகையில் எங்கள் வீட்டுக்குத் தோதான நேரம்தான். அவன் அக்காவுக்கு ஒன்பது வயது, அவள் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு படுத்திருப்பாள். அவளுக்கும் ஒரு துண்டு மீன் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நாட்டு மருந்து பற்றிச் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள், வைத்தியர்கள் நிறைந்த ஜில்லா நம்முடையது. முள்சீத்தா இலைக் கஷாயத்தை எங்கள் அம்மா எனக்குத் தெரியாமல் மூன்று நாள் கொடுத்திருக்கிறாள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது. மாத்திரையாலா, இலையாலா? டாக்டருக்கும் தெரியவில்லை, அதனால் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டி வந்தது. அம்மா அழுதாள். அவளிடம் நான் சொன்னது இதுதான்: நம் வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் அந்த மாத ஊசி வின்கிரிஸ்டினைப் பிரித்து எடுக்கிறார்கள், 1963-இலிருந்து அது மருந்தாக இருக்கிறது, மூட்டை மூட்டையாக இலை போட்டால்தான் துளி மருந்து கிடைக்கும், உன் செடிக்கு வேண்டிய மரியாதை கிடைத்தாயிற்று, ஆனால் அந்த இலையை அரைத்துக் கொடுத்துவிடாதே, அது விஷம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஊசி போட்டுவிட்டு வந்தால் "பூ மருந்து போட்டாச்சா மக்களே" என்றுதான் பேரனிடம் கேட்பாள்.

இன்னும் இரண்டு விஷயம், சீக்கிரம் முடிக்கிறேன். கர்ப்பமாக இருக்கிறவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது, மற்றவர்களும் அரை மாத்திரை உடைக்கும்போது கையுறை போடுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அது தெரிய எட்டு மாதம் ஆனது. மழையில் பால்வெட்டு இல்லாத மாதங்களில் அந்தக் காசு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், மொத்தம் மூன்று. கையோடு கை மாற்றிப் பாருங்கள், எப்படிக் கோடு போட்டோம் என்று தெரியும். சில பக்கத்தில் சாளைக்கறி சிந்தியிருக்கும். இரண்டாவது நோட்டில் நடுப்பக்கத்துக்கு மேல் கையெழுத்து மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள், கோணல்மாணலான எழுத்து. அது அவனுடையது. எழுதப் படித்தவுடன் தானே போட ஆரம்பித்துவிட்டான்.