லிஸ்ட்ல இல்லாத வீடு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னாடி பேசி கைதட்ட மொத்தமா அள்ளிட்டுப் போன எதிரணித் தம்பிக்கும், கடைசி வரிசைல பொங்கல் டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரு காத மட்டும் இங்க குடுத்திருக்கிற அட்லாண்டா சுத்துவட்டாரச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

எதிர்க்கட்சிப் பக்கம் இருக்கிற மிதமான ஆளுங்க ஓட்டத் தேடி ஒரு கட்சி போகணுமா வேண்டாமாங்கிறதுதான் தலைப்பு, நான் "போகணும்" அணி. மேடையில யாரும் கொடி புடிக்கக் கூடாதுன்னு சங்கச் செயலாளர் காலைலயே மெசேஜ் அனுப்பிட்டாரு, அதனால ரெண்டு கட்சியையும் சேத்தே வாரிடலாம்னு வந்திருக்கேன்.

தம்பி என்ன சொன்னாரு? "இருக்கிறத விட்டுட்டு பறக்கிறதுக்கு ஆசப்படாதே"ன்னாரு. டெமாக்ரட் கமலா ஹாரிஸ் 2024ல, ட்ரம்ப எதிர்த்த ரிப்பப்ளிகன் லிஸ் செனிய மேடையேத்தி ரிப்பப்ளிகன் ஓட்டு கேட்டாங்க, என்ன ஆச்சு, தோத்தாங்கன்னாரு. அப்புறம் ஒரே போடா, "இந்தக் காலத்துல எவனும் கட்சி தாண்டி ஓட்டு போட மாட்டான், அப்படி ஒரு ஆளே கிடையாது, ஒத்தக் கொம்புக் குதிர யூனிகார்ன் மாதிரி, படத்துலதான் பாக்கலாம்"னு முடிச்சாரு. எல்லாரும் தட்டினீங்க. நானும் தட்டினேன், பழக்க தோஷம்.

நான் கடைசியில இருந்து வரேன். தம்பி, அந்த யூனிகார்ன் எங்க பக்கத்து வீட்டுல இருக்கு.

2022 அக்டோபர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 70 தாண்டியாச்சு, ரிட்டயர்டு, ஞாயித்துக்கிழமைன்னா சர்ச், மத்த நாளெல்லாம் புல்லு வெட்டுற மெஷின். வாசல்ல வருஷம் பூரா நம்ம ஜார்ஜியா யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் புல்டாக்ஸோட கொடி பறக்கும். எலெக்ஷன் வந்தா புல்லுல வரிசையா நாலஞ்சு போர்டு குத்தி வைப்பாரு, அத்தனையும் ரிப்பப்ளிகன். அந்த வருஷம் ஒரே ஒரு போர்டு. கவர்னருக்கு நின்ன பிரையன் கெம்ப் போர்டு மட்டும். செனட்டுக்கு நின்ன ஹெர்ஷல் வாக்கர் போர்டக் காணோம். வாக்கர் யாருன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், 1980ல இதே புல்டாக்ஸுக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்த ஆளு, கொடி வாசல்ல பறக்குது, ஆளோட போர்டு மட்டும் இல்ல! குப்பத் தொட்டிய உருட்டிக்கிட்டு வரப்போ மெதுவாக் கேட்டேன், என்ன சார், ஒரு போர்டு கொறையுதேன்னு. "பந்து ஆடச் சொன்னா இன்னிக்கும் அவனுக்குத்தான்மா ஓட்டு"ன்னாரு. "ம்மா" அவர் போடல, நானாப் போட்டுக்கிட்டேன்.

அதே அக்டோபர்ல எங்க வீட்டுக் கதையக் கேளுங்க. ஒரு கட்சிலேர்ந்து, எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன், செயலாளர் அப்படிப் பாக்காதீங்க, கையில போன வச்சுக்கிட்டு பசங்க கதவத் தட்டினாங்க. உங்களுக்குத்தான் கண்ணுங்களா என் ஓட்டுன்னு மொதல் தடவையே சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் மறுபடி வந்தாங்க. மூணாவது தடவ வந்தப்போ உக்கார வச்சு லெமன் ஜூஸ் குடுத்து, ஏம்ப்பா பக்கத்து வீட்டுக்குப் போனீங்களான்னு கேட்டேன். அந்தப் பையன் போன ஒரு தேய் தேச்சுப் பாத்துட்டு, "அந்த வீடு எங்க லிஸ்ட்ல இல்ல ஆன்ட்டி"ங்கிறான்.

ஏன் இல்ல? ஜார்ஜியாவுல கட்சி பேரச் சொல்லி வோட்டரா பதியுற வழக்கமே கிடையாது, ஆனா கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கிற ப்ரைமரி அன்னிக்கு எந்தக் கட்சியோட பேலட்ட, அதாவது ஓட்டுச் சீட்ட, கேட்டு வாங்கினோம்ங்கிறது பதிவாகிடும், கட்சிங்க அந்தப் பதிவ வாங்கித்தான் லிஸ்ட்டே போடுறாங்க. பெரியவர் எப்பவும் ரிப்பப்ளிகன் பேலட்தான் வாங்குவாரு. கம்ப்யூட்டர் அவர அடிச்சு வுட்டுருச்சு. ஏற்கெனவே ஓட்டு போடுறேன்னு சொன்ன என் வீட்டுக்கு மூணு நட, மனசு ஆடிக்கிட்டிருக்கிற அந்த மனுஷன் வீட்டுக்கு ஒரு நடகூட இல்ல. எதிரணி சொல்ற "நம்ம ஆள மட்டும் பாத்துக்க"ங்கிற சித்தாந்தம் நடைமுறைல எப்படி இருக்கும்னா இப்படித்தான் இருக்கும், ஒரே ஆளுக்கு மூணு தடவ லெமன் ஜூஸ்.

சரி, ஒரு பெரியவரக் காட்டி ஏமாத்துறேன்னு நெனப்பீங்க. நவம்பர் 8 கணக்க எடுங்க. ஒரே நாள், ஒரே பேலட். கவர்னருக்கு கெம்ப் வாங்கினது 21 லட்சத்து 11 ஆயிரம் சொச்சம். அதே கட்சி வாக்கர் செனட்டுக்கு வாங்கினது 19 லட்சத்து 8 ஆயிரம் சொச்சம். நடுவுல 2 லட்சம் பேர் எங்கய்யா போனாங்க? கொஞ்சம் பேர் லிபர்டேரியன்ங்கிற சின்னக் கட்சிக்குப் போட்டாங்க, கொஞ்சம் பேர் அந்தக் கட்டத்த வெறுமையா வுட்டாங்க, மிச்சப் பேர் எதிர்ல நின்ன டெமாக்ரட் ரஃபேல் வார்னாக்குக்கே குத்திட்டு வந்துட்டாங்க. அதுல பாதிய எடுத்தாலும் ஒரு லட்சம் யூனிகார்ன் தம்பி! ஒரு மாநிலத்துல!

இன்னொரு பக்கமும் பாருங்க, இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். கவர்னருக்கு நின்ன டெமாக்ரட் ஸ்டேசி ஏப்ரம்ஸ். நம்மாளுங்கள புதுசு புதுசா லிஸ்ட்ல சேக்கணும், வீட்டுல தூங்குறவங்கள எழுப்பிக் கூட்டிட்டு வரணும்ங்கிறதுதான் அவங்க வழி, அதாவது எதிரணியோட வழி. அந்த அம்மா 2018ல வெறும் 55,000 ஓட்டுலதான் கோட்டை விட்டாங்க, சாதாரண வேலையில்ல அது, அவங்க சேத்து வச்ச ஓட்டு இல்லேன்னா ஜார்ஜியாவுல டெமாக்ரட்டுக்கு அடுப்பே பத்தியிருக்காதுன்னு நானே சொல்லுவேன். ஆனா 2022ல அவங்க கிட்டத்தட்ட 3 லட்சத்துல தோக்குறாங்க, அதே கட்சி வார்னாக் அதே பேலட்ல 37,000 முன்னால நிக்கிறாரு. யாருக்கும் 50 சதவீதம் வரலன்னு டிசம்பர் 6ல ரன்ஆஃப், அதாவது ரெண்டு பேருக்கு மட்டும் மறு தேர்தல், வச்சப்போ கிட்டத்தட்ட ஒரு லட்சத்துல ஜெயிக்கிறாரு.

வாக்கர் மட்டமான வேட்பாளர், அதனாலதான்னு தம்பி இப்பவே தலைய ஆட்டுறாரு. ஒத்துக்கறேன். கெம்ப் பதவியில இருந்தவரு, அது ஏப்ரம்ஸுக்குப் பாரம், அதையும் ஒத்துக்கறேன். ஆனா பழுத்த பழமும் தானா நம்ம மடியில விழாது, கீழ போய் நிக்கணும். வார்னாக் போய் நின்னாரு. டெக்சாஸ் டெட் க்ரூஸோட சேந்து நெடுஞ்சாலைக்கு வேல பாத்தேன், அலபாமா டூபர்வில்லோட சேந்து கடலை விவசாயிக்கு வேல பாத்தேன்னு கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னாரு, ரெண்டு பேருமே பக்கா ரிப்பப்ளிகன் செனட்டருங்க. வயசானவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற மெடிகேர் காப்பீட்டுல இருக்கிறவங்களுக்கு இன்சுலின் மாசம் 35 டாலருக்கு மேல போகக் கூடாதுங்கிறதப் புடிச்சுத் தொங்கினாரு, சர்க்கரை வியாதிக்கு எந்தக் கட்சி? 2020ல அவர் விட்ட விளம்பரம் ஞாபகம் இருக்கா, நம்ம தெரு மாதிரியே ஒரு தெருவுல ஒரு பீகிள் நாய்க்குட்டியப் புடிச்சுக்கிட்டு நடந்து போவாரு. நாய் அவரோடதே இல்லேன்னு அப்புறம் தெரிஞ்சுது, அது வேற விஷயம்.

இதுக்காக கொள்கைய வித்தாரா? கருக்கலைப்பு உரிமை, ஓட்டுரிமை எதுலயும் ஒரு இஞ்ச் எறங்கல. மார்ட்டின் லூதர் கிங் நின்ன எபனீசர் சர்ச்சுல போதகர் அவரு. தேடிப் போறதுன்னாலே கால்ல விழுறதுன்னு எதிரணி ஏன் நெனைக்குதுன்னு எனக்குப் புரியல, நம்ம வீட்டு விசேஷத்துக்கு சம்பந்தி வீட்டுக்குப் போய் பத்திரிகை வச்சா நம்ம குலதெய்வத்த மாத்திட்டோம்னா அர்த்தம்?

இப்ப செனி விஷயத்துக்கு வரேன், ஓடிட்டேன்னு நெனச்சீங்களா. 2024 அக்டோபர் 3, விஸ்கான்சின்ல ரிப்பன்னு ஒரு சின்ன ஊரு, 1854ல ரிப்பப்ளிகன் கட்சி பொறந்த எடம், அங்க போய் ஹாரிஸும் செனியும் ஒரே மேடையில. அக்டோபர் 21ல ஒரே நாள்ல மால்வர்ன், ராயல் ஓக், ப்ரூக்ஃபீல்டுன்னு மூணு மாநிலத்துல மூணு ஊரு. ஹாரிஸோட தாத்தா ஊரான நம்ம துளசேந்திரபுரத்துக் கோயில்ல அபிஷேகமும் ஆச்சு. கடைசில எக்ஸிட் போல்ல ரிப்பப்ளிகன்ல 100க்கு 94 பேர் ட்ரம்புக்கே போட்டதா வந்துச்சு, 2020லயும் இதே 94தான்.

ஆனா அவங்க யாரத் தேடிப் போனாங்க? செனி 2022லயே வயோமிங் ப்ரைமரில சொந்தக் கட்சி ஜனங்ககிட்ட 37 பாயின்ட் வித்தியாசத்துல தோத்தவங்க. பொண்ணு கேட்டுப் போனவங்க, அந்த வீட்டுல ஏற்கெனவே சண்ட போட்டு வெளிய அனுப்பின சித்திகூட நின்னு போட்டோ எடுத்துட்டு, சம்பந்தம் முடிஞ்சுதுன்னு திரும்பி வந்த கததான் இது. வீட்டு ஆளுங்ககிட்ட விலைவாசியப் பத்தி, வாடகையப் பத்தி, எல்லையப் பத்தி அவங்க எதக் கேட்டாங்களோ அதுக்குப் பதில் போய்ச் சேரல. அது தலைவரத் தேடிப் போனது, வோட்டரத் தேடிப் போனது இல்ல. ஈராக் போர் அப்போ துணை ஜனாதிபதியா இருந்தவரு இந்தம்மாவோட அப்பா டிக் செனி, மேடையில செனி பேரு வந்தாலே அந்தப் போர் ஞாபகம் வர்ற மிச்சிகன் டியர்பார்ன் அரபு ஜனங்க, காஸாவால ஏற்கெனவே கொதிச்சுக் கெடந்தவங்க, இன்னும் தள்ளிப் போனாங்க.

அதே 2024 தேர்தல் நாள், அரிசோனாவுல, ட்ரம்ப் அஞ்சரை பாயின்ட்ல ஜெயிச்ச மாநிலத்துல, ரூபன் கயேகோங்கிற டெமாக்ரட் செனட்ல ரெண்டரை பாயின்ட் கிட்ட ஜெயிச்சாரு. தன் கட்சிக்காரங்க பேசக் கூச்சப்பட்ட எல்லைப் பிரச்சனையப் பேசித்தான் போனாரு. ட்ரம்புக்கும் அரிசோனாவுல குத்திட்டு கயேகோவுக்கும் குத்தினவங்க யாரு தம்பி? மறுபடியும் யூனிகார்ன்!

அட, ட்ரம்ப் மட்டும் என்ன வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தாரா? 2024 மே மாசம் நியூயார்க் ப்ராங்க்ஸ்ல போய் கூட்டம் போட்டாரு, ஜெயிக்கவே முடியாத ஏரியா. ஜூன்ல லாஸ் வேகஸ்ல நின்னு டிப்ஸுக்கு வரி கிடையாதுன்னு சொன்னாரு, ஓட்டல் தட்டு எடுக்கிறவங்க யூனியனோட கோட்டை அது, காலங்காலமா டெமாக்ரட் பக்கம். ஹாரிஸும் பின்னாலயே அதையே சொல்ல வேண்டி வந்துச்சு. நெவாடா 2004க்கு அப்புறம் மொத தடவ ரிப்பப்ளிகனுக்குப் போச்சு. டியர்பார்னுக்கும் நேர்ல போனாரு.

பழமொழிக்கு ஒரே ஒரு வார்த்தை. "இருக்கிறத விட்டுட்டு"ன்னு நாங்க எங்கயும் சொல்லல. சொன்னவர் ஒருத்தர் இருக்காரு, 2016ல டெமாக்ரட் செனட்டர் சக் ஷூமர், தொழிலாளி ஓட்டு ஒன்னு போனா புறநகர்ல மிதவாத ரிப்பப்ளிகன் ஓட்டு ரெண்டு கிடைக்கும்னாரு, பென்சில்வேனியா 44,000ல போச்சு. அது மாத்து வியாபாரம். தம்பி இந்த உதாரணத்தச் சொல்லுவாருன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், மறந்துட்டாரு, சரி நானே குடுத்துட்டேன்.

கபடில பாடிப் போறவன் ஒருத்தனத் தொட்டுட்டு கோட்டுக்கு வந்துட்டா என்ன ஆகும்? அந்தப் பக்கம் ஒருத்தன் வெளிய, நம்ம பக்கம் வெளிய உக்காந்தவன் உள்ள. தூங்குற நம்ம ஆள எழுப்பினா வித்தியாசம் ஒன்னு, அங்கேர்ந்து ஒருத்தர் வந்தா ரெண்டு. 2020ல ஜார்ஜியாவுல ட்ரம்ப் தோத்த மொத்த வித்தியாசமே 11,779. 11,780 ஓட்டத் தேடிக் குடுங்கன்னு அவர் அதிகாரிக்குப் போன் போட்ட கதைய ஊரே கேட்டுச்சு. 5,890 பேர் மட்டும் அவர் பக்கம் மாறிக் குத்தியிருந்தா அந்தப் போனே தேவப்பட்டிருக்காது.

நடுவர் மணிய அடிச்சுட்டாரு, ரெண்டு நிமிஷம் குடுங்க ஐயா, பெரியவர் கதைய முடிக்காம எறங்க மாட்டேன்.

ரன்ஆஃபுக்கு முந்தின வாரம், இருட்டுற நேரம். அதே கட்சிலேர்ந்து ஓட்டு கேக்க ஒரு அம்மா, 50 வயசிருக்கும், கோட்ட இழுத்து மூடிக்கிட்டு என் வீட்டத் தேடி வந்தாங்க. எங்க நம்பர மல்லிச் செடி மறைச்சிருக்கும், தெரியாம பெரியவர் கதவத் தட்டிட்டாங்க. நான் கிச்சன் ஜன்னல்ல பாத்துக்கிட்டிருக்கேன், அடுப்புல ரசம். அவர் காபிக் கப்போட வெளிய வந்தாரு, தொரத்திடுவாருன்னு பாத்தா ரெண்டு பேரும் நின்னு பேசுறாங்க, பேசுறாங்க, என் ரசம் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு. அப்புறம் அந்தம்மா என்கிட்ட வந்து, "தப்பான வீட்டுக்குப் போயிட்டேன் போல, அவர் மனைவியோட இன்சுலின் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு, லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னாங்க.

அத்தன வருஷத்துல அந்தக் கட்சிலேர்ந்து அவர் கதவத் தட்டினது அது ஒன்னுதான், அதுவும் தெரியாம.

டிசம்பர் 6 சாயங்காலம் அவர் ஸ்வெட்டர்ல பீச் பழ ஸ்டிக்கர் இருந்துச்சு. எங்க பேலட்ல அன்னிக்கு இருந்தது செனட் ஒன்னுதான், கெம்ப் நவம்பர்லயே ஜெயிச்சாச்சு. யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. குப்பத் தொட்டிய உருட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு.

நன்றி, வணக்கம்.