தெறிகளும் நூலும்: உயிரின் தொடக்கத்தைத் தேடும் சிக்கலியல்

சபையோருக்கு மாலை வணக்கம்.

உயிர் எப்படித் தோன்றியது என்று கேட்டால், எந்தப் பொருளிலிருந்து என்ற கேள்விதான் முதலில் எழும். அதற்குப் பாதி விடை 1953இலேயே கிடைத்துவிட்டது. சிக்காகோவில் ஹரோல்ட் யூரேயின் மாணவராயிருந்த ஸ்டான்லி மில்லர், மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில், புரதங்களின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் உருவாகியிருந்தன. 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் அவை இருப்பதை நிறுவிய நாசாக் குழுவின் முதன்மையாளர்களில் ஒருவர், இலங்கையின் காலி நகரில் பிறந்து சென்னையில் மெய்யியல் பயின்ற நம் நாட்டவர் சிறில் பொன்னம்பெரும. அவரை நம் பாடசாலைகளில் இன்னும் அதிகம் பேசியிருக்கலாம்.

ஆகவே சாமான்கள் வந்திறங்கிவிட்டன. வீடு ஏன் எழுந்தது என்பதுதான் புதிர். இன்றைய கலத்தில் டீ.என்.ஏ.யைப் பிரதிசெய்யப் புரத நொதியங்கள் வேண்டும். அந்தப் புரதங்களை ஆக்கவோ டீ.என்.ஏ.யின் குறிப்பு வேண்டும். மரம் முந்தியா, விதை முந்தியா என்ற பழைய வழக்குத்தான். இரண்டில் எதுவும் முந்தியிருக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை 1971இல் முன்வைத்தவர், பல பகுதிகள் சேரும்போது எழும் புதிய ஒழுங்கை ஆராயும் சிக்கலியலின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உயிரியலாளர் ஸ்டுவர்ட் காஃப்மன். ஒவ்வொரு மூலக்கூறும் உருவாவதற்கு அதே கூட்டத்திலுள்ள இன்னொன்று ஊக்கியாக, அதாவது தான் செலவாகாமல் அதை விரைவுபடுத்துவதாக, நின்றால், தனித்தனியே எதுவும் தன்னைப் பெருக்காவிட்டாலும் கூட்டம் முழுவதும் பெருகும்.

அப்படியொரு கூட்டம் தற்செயலாக அமையுமா? இதற்குத்தான் இந்த மேசையில் இருபது சட்டைத் தெறிகளை வைத்திருக்கிறேன். முன்வரிசையிலிருக்கும் மகள் வந்து, கண்ணை மூடியபடி இரண்டு தெறிகளை எடுத்து நூலால் இணைக்கட்டும். பிறகு வேறு இரண்டை. நான்காவது, ஐந்தாவது நூல் வரைக்கும் ஒரு தெறியைத் தூக்கினால் ஒன்றிரண்டுதான் கூடவே வருகின்றன. பத்தைக் கடந்து பன்னிரண்டாவது நூலும் கட்டியானதும், பாருங்கள், ஒன்றைத் தூக்கப் பெரியதொரு கொத்தே எழும்புகிறது. இருபது தெறிகளில் மங்கலாகத் தெரிவது பத்தாயிரத்தில் கூர்மையாகத் தெரியும். 4000 நூல்களில் மிகப் பெரிய கொத்தும் நூறு, இருநூறு தெறிகள் அளவில் நிற்கும். 6000 நூல்களில் அது ஏறக்குறைய 3000ஐ எட்டிவிடும். நூல்களின் எண்ணிக்கை தெறிகளின் பாதியைக் கடக்கும் இடத்தில் நிகழும் இந்தத் திடீர் மாற்றத்தை ஹங்கேரியக் கணிதர்களான ஏர்டிஷும் ரெனியும் நிறுவியிருந்தார்கள். தெறிக்குப் பதில் மூலக்கூறு, நூலுக்குப் பதில் இரசாயனத் தாக்கம் என்று வைத்தார் காஃப்மன்.

இரசாயனர்கள் இதில் எளிதாக மயங்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம். நூல் யாரையும் கடிக்காது, மூலக்கூறு கடிக்கும். போமல்டிகைட்டு என்ற எளிய காபன் சேர்வையிலிருந்து சீனிகளை ஆக்கும் தாக்கத்தை 1861இலேயே ரஷ்ய இரசாயனர் புட்லெரோவ் கண்டறிந்தார். அது தன்னைத் தானே ஊக்கும் தாக்கம். ஆனால் விட்டுவைத்தால் வேண்டாத பக்கத் தாக்கங்கள் பெருகி, குடுவையில் மிஞ்சுவது பழுப்பு நிறப் பிசின்.

நீரே இன்னொரு தடை. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சேரும்போது நீர் வெளியேற வேண்டும். கடலுக்குள் அது கடினம். அதனால்தான் சிலர், நனைவதும் காய்வதுமாக இருந்த வெந்நீரூற்றுக் குளக்கரைகளை நாடுகிறார்கள். திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளில் குளித்தவர்களுக்கு வெந்நீரூற்றை நான் விளக்க வேண்டியதில்லை. உயிர் அங்கேதான் பிறந்தது என்று நான் சொன்னதாக மட்டும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அதைவிட உப்பளப் பாத்தியை நினைத்துக்கொள்வது பொருத்தம்: வெயில் நீரைக் குடிக்க, கரைந்திருந்தவை நெருங்கி நெருங்கி ஒன்றோடொன்று முட்டுகின்றன.

இதற்கிடையில் கணிதமும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் மிகப் பல தாக்கங்களை ஊக்கினால்தான் காஃப்மனின் கூட்டம் அமையும் என்ற ஐயத்துக்கு, ஓரிரண்டு தாக்கங்களை ஊக்கினாலே போதும் என்று ஆய்வாளர்கள் விம் ஹோர்டைக்கும் மைக் ஸ்டீலும் 2004இல் விடையளித்தார்கள். 2020இல், ஒட்சிசன் இன்றி வாழும் தொன்மையான நுண்ணுயிர்களின் வளர்சிதைமாற்றத்துக்குள்ளேயே, அதாவது கலத்தை இயக்கும் தாக்கங்களின் தொகுதிக்குள்ளேயே, இத்தகைய தன்னூக்க வலையமைப்புகள் இனங்காணப்பட்டன. இன்றைய உயிருக்குள் அந்த வலை இருக்கிறது. உயிரற்ற குடுவையொன்றில் அது தானாகப் பின்னப்பட்டு, பிசினாகாமல் வளர்ந்துகொண்டே போவதை ஆய்வுகூடம் இனித்தான் காட்ட வேண்டும்.